மிதக்கும் வீடு: தண்ணீர் மேல் கட்டினால் மட்டும் போதுமா? இரண்டு நகரங்கள் சொல்லும் பாடம்

கடல் மட்டம் உயர்கிறது, வெள்ளம் வருகிறது. பேசாமல் வீட்டையே மிதக்க விட்டால் என்ன? இதை நிஜமாகவே செய்து பார்த்த இடங்களில் இரண்டு: ஆம்ஸ்டர்டாமும் லாகோஸும்.

கான்கிரீட் எப்படி மிதக்கும்?

நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகரில், ஒரு கால்வாய் மேல் இருக்கிறது 'ஸ்கோன்ஸ்கிப்' குடியிருப்பு. 30 மிதவைகளில் 46 குடும்பங்கள் வசிக்கின்றன. வீட்டின் அடியில் இருப்பது உள்ளீடற்ற கான்கிரீட் தொட்டி. அது விலக்கும் தண்ணீரின் எடை வீட்டின் எடைக்குச் சமமாகும்போது வீடு மிதக்கிறது. கனம் அடியில் இருப்பதால் எளிதில் சாயாது. கால்வாயில் ஊன்றிய தூண்களைப் பிடித்தபடி நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும்.

கரண்டுக்கு 500-க்கும் மேற்பட்ட சோலார் பேனல்கள். குளிர்காலத்தில் கால்வாய்த் தண்ணீரில் இருந்தே சூட்டை எடுக்க ஹீட் பம்ப். மின்சாரத்தை வீடுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன.

மகோகோவில் என்ன நடந்தது?

நைஜீரியாவின் லாகோஸ் நகரில், காயல் மேல் மரக்கால் ஊன்றி வீடு கட்டி வாழும் மீனவர் குடியிருப்பு மகோகோ. அங்கே தெரு என்றாலே தண்ணீர்தான், வண்டி என்றாலே படகுதான். 2013-ல் கட்டடக் கலைஞர் குன்லே அடெயெமி இங்கே ஒரு மிதக்கும் பள்ளியைக் கட்டினார். 256 பிளாஸ்டிக் பேரல்கள் மேல் நின்ற மூன்று அடுக்கு மரக் கட்டடம். உலகமே பாராட்டியது. ஆனால், 2016 ஜூனில் கனமழையில் சரிந்தது. மாணவர்கள் முன்பே வேறு இடத்துக்கு மாற்றப்பட்டதால் உயிர்ச்சேதம் இல்லை.

அப்போ, வித்தியாசம் எங்கே?

பேரலா, கான்கிரீட்டா என்பது பாதி பதில்தான். ஸ்கோன்ஸ்கிப் மக்கள் யோசனையில் இருந்து குடியேறும் வரை சுமார் பத்து ஆண்டுகள் உழைத்தார்கள். கையில் நகர நிர்வாகத்தின் அனுமதி இருந்தது. தலைமுறைகளாகத் தண்ணீரிலேயே வாழும் மகோகோ மக்களுக்கோ, 2012-ல் 72 மணி நேர நோட்டீஸ் வந்தது. பிறகு வீடுகள் இடிக்கப்பட்டன.

ஆக, மிதக்கும் வீட்டுக்கு வரைபடம் போடும் முன் கேட்க வேண்டியவை நான்கு. எதில் கட்டி நிறுத்துவது? கழிவுநீர் எங்கே போகும்? பழுதானால் யார் பார்ப்பது? நாளைக்கே காலி செய்யச் சொன்னால் என்ன செய்வது? முதல் மூன்றுக்கு இன்ஜினியர் பதில் சொல்லிவிடலாம். நான்காவதுக்கு அரசுதான் பதில் சொல்ல வேண்டும்.