ஐ7 என்பது காரணப்பெயரா, இடுகுறியா?

கணினி விளையாட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் முகத்தைத் திருப்பிக்கொள்வது நம் இலக்கிய வட்டத்தில் ஒரு தகுதிச் சான்றாகவே ஆகிவிட்டது. பிள்ளைகள் கெட்டுப்போகின்றனர், கண் போகிறது, வாசிப்புப் போகிறது என்று ஒப்பாரி வைத்துவிட்டு, அடுத்த மாதமே மகன் கேட்டான் என்பதற்காக எழுபதாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வருபவர்களும் இதே வட்டத்தினர்தாம். என்ன வாங்கினீர் என்று கேட்டால், 'ஐ7, பதினாறு ஜிபி, நாலு ஜிபி கார்டு' என்று மூன்று பெயர்கள் வரும். அந்தப் பெயர்களுக்குப் பொருள் என்ன என்று கேட்டால் விடை வராது. ஒரு கவிதைத் தொகுப்பின் பின்னட்டையில் பொருளற்ற ஓர் அடைமொழி இருந்தால் நாலு பக்கம் எழுதிக் கிழிப்பவர்கள், கடைக்காரர் எழுதித் தரும் துண்டுச்சீட்டின் முன் வாய் மூடி நிற்கின்றனர். நம் சண்டை இந்த வாய்மூடலோடுதான்.

ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். பிராசசர், மதர்போர்டு, எஸ்எம்பிஎஸ் என்றே இங்கு எழுதப் போகிறோம். கலைச்சொல்லாக்கத்தோடு நமக்குப் பகை இல்லை. ஆனால் கடை மேசை முன் நின்று 'வரைகலை அட்டை' கேட்பவர் புதியவர் என்பதைக் கடைக்காரர் நொடியில் கண்டுகொள்வார்.

நன்னூல் பயின்றவர்க்கு இடுகுறிப்பெயரும் காரணப்பெயரும் தெரியும். காரணம் பற்றி வருவது ஒன்று. காரணமின்றி இட்டு வழங்குவது மற்றொன்று. கணினிச் சந்தையின் தந்திரம் முழுவதும் இடுகுறியைக் காரணப்பெயர்போலத் தோன்றச் செய்வதில் அடங்கியிருக்கிறது. 'ஐ7' என்பதில் உள்ள ஏழு எதையும் எண்ணவில்லை. ஏழு கோர் இல்லை. ஏழு மடங்கு வேகமும் இல்லை. இன்டெல் நிறுவனம் 2008இல் சூட்டிய பெயர் அது. ஒரே தலைமுறைக்குள் ஐ3, ஐ5, ஐ7 என ஏறுவரிசை காட்ட உதவும். தலைமுறை மாறினால் வரிசை குலைந்துவிடும். 2011இல் வந்த ஐ7-2600க்கு நான்கு கோர், எட்டு த்ரெட். 2022இல் வந்த ஐ3-12100க்கும் அதே நான்கு, அதே எட்டு. வேகத்திலோ பின்னது முன்னதை வெகுதூரம் பின்தள்ளிவிடும். ஆயினும் மேசைமேல் இரண்டையும் வைத்தால் நம்மவர் கை நீளுவது ஏழின் பக்கமே.

நம் துறை மாணவர் ஒருவரின் வீட்டில் சென்ற ஆண்டு நகையை அடகு வைத்து ஒரு கணினி வாங்கினர். விளையாட்டும் வேண்டும், கல்யாண வீடியோ எடிட் செய்து நாலு காசும் பார்க்க வேண்டும் என்பது பையனின் எண்ணம். வந்து சேர்ந்தது அந்த ஐ7-2600தான். உடன் ஜிடி 730 என்னும் கிராபிக்ஸ் கார்டு, நாலு ஜிபி. கேபினட்டில் நான்கு வண்ண விளக்குகள். 'சைபர்பங்க் 2077' அதில் நகரக்கூட மறுத்தது. திரும்பப் போய்க் கேட்டதற்குக் கடையில் கிடைத்த விடை: 'சீட்டில் எழுதியபடிதானே கொடுத்திருக்கிறோம்?' உண்மை. அந்தச் சீட்டில் ஒரு பொய்கூட இல்லை. ஐ7 தான், நாலு ஜிபிதான். பொய்யே சொல்லாமல் ஒரு குடும்பத்தின் நகையை விழுங்க முடிகிறது என்றால் அங்கே குற்றத்தைச் செய்தது பெயர்.

அந்த ஜிடி 730இன் கதையைக் கேளுங்கள். 2014இல் வெளிவந்தது. ஒரே பெயரில் இரு வேறு தலைமுறைச் சில்லுகள்: ஒன்றில் 96 கோர், மற்றொன்றில் 384. நாலு ஜிபி என்பது நினைவகத்தின் கொள்ளளவு மட்டுமே. குடம் பெரிதாயினும் குழாய் சிறுத்தால் நீர் சொட்டத்தான் செய்யும். அதே நிறுவனமான என்விடியா 2017இல் ஜிடி 1030 என்ற கார்டைக் கொண்டுவந்தது. மறு ஆண்டு அதே பெயரில் டிடிஆர்4 நினைவகத்தோடு இன்னொன்றை விற்றது. முதலாவது நொடிக்கு 48 ஜிபி தரவைக் கடத்தும், இரண்டாவது 16.8தான். பெட்டியின்மேல் பெயர் மாறவில்லை.

இது மலிவுச் சரக்குக்கு மட்டும் நேர்வது என்று எண்ண வேண்டா. 2022 செப்டம்பரில் ஆர்டிஎக்ஸ் 4080 என்று ஒரே பெயரில் இரண்டு கார்டுகளை என்விடியா அறிவித்தது, 12 ஜிபி, 16 ஜிபி என்று. வேறுபாடு நினைவகத்தில் மட்டும் என்று வாங்குபவர் நினைப்பார். உள்ளேயோ ஒன்றில் 7680 கோர், மற்றதில் 9728. உலகெங்கும் விளையாட்டாளர்கள் கொதித்தெழுந்தனர். அக்டோபரிலேயே 12 ஜிபி கார்டை நிறுவனம் விலக்கிக்கொண்டது. 2023 ஜனவரியில் அது ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ என்ற வேறு பெயரோடு வந்தது. ஒரு பெயர் பொருந்தவில்லை என்று போராடி அதை மாற்றவைத்தவர்கள் நாம் இகழும் அந்த 'விளையாட்டுப் பிள்ளைகள்'. மொழியைக் காக்கவே பிறந்தவர்கள் என்று மார்தட்டும் நாம் எந்தப் பெயரை மாற்றவைத்தோம்?

சரி, எப்படித் தேர்வது? துண்டுச்சீட்டு பிராசசரிலிருந்து தொடங்குகிறது. தொடங்க வேண்டிய இடம் ஆட்டமும் திரையும். பையன் ஆடப்போவது 'வேலரன்ட்' எனில் நடுத்தரக் கார்டே போதும். நல்ல பிராசசரும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும்தாம் அங்கே பணம் போட வேண்டிய இடம். 'சைபர்பங்க்' எனில் நிலைமை தலைகீழ். பட்ஜெட்டின் பெரும்பங்கு கிராபிக்ஸ் கார்டுக்கே போக வேண்டும். 1920க்கு 1080 என்னும் திரையில் ஏறத்தாழ 20.7 இலட்சம் புள்ளிகள். 4கே திரையில் 82.9 இலட்சம், அதாவது நான்கு மடங்கு. அத்தனை புள்ளியையும் நொடிக்கு அறுபது முறையேனும் வரைந்து முடிக்க வேண்டிய கூலியாள் அந்தக் கார்டு. எந்த ஆட்டம், எந்தத் திரை என்ற இந்த இரு கேள்விகளையும் அந்த மாணவரிடம் கடையில் ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்து எஸ்எம்பிஎஸ். கேபினட்டோடு இலவசம்போல் வரும் பெட்டியில் '450 வாட்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். அதை விடுங்கள்; பக்கவாட்டு லேபிளில் பன்னிரண்டு வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 என்றிருந்தால் பன்னிரண்டால் பெருக்க வேண்டும்: 216 வாட். ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு ஒன்றே 170 வாட் கேட்கும், பிராசசர் 65. கூட்டினால் 235. பள்ளிக்கூடக் கணக்குத்தான், ஆயினும் 450 என்ற எழுத்தின் பெருமையில் அதைப் போட யாருக்கும் தோன்றுவதில்லை. யுபிஎஸ்ஸும் அப்படியே. 600 விஏ எனப்படுவது பெரும்பாலும் 360 வாட் அளவே தாங்கும். வலுவான கணினியில் ஆட்டத்தின் நடுவே மின்சாரம் போனால் யுபிஎஸ்ஸும் உடன்போக்கு மேற்கொண்டுவிடும்.

ராம் ஒற்றைத் துண்டாகப் பதினாறு வேண்டா. எட்டும் எட்டுமாக இரண்டு போடுங்கள், வழி இரண்டாகும். கேபினட்டின் முன்பக்கம் கண்ணாடியாக இருந்தால் அழகு. சித்திரை வெயிலுக்கு வலைமுகப்பே ஏற்றது.

பழைய ஐ7 வாங்கினால் இன்னொரு கேடும் உண்டு. எட்டாம் தலைமுறைக்கு முற்பட்ட இன்டெல் பிராசசர்களில் மிகப் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பதில்லை. விண்டோஸ் 10க்கான பொது ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபரில் நிறுத்திக்கொண்டது. பழையதை மலிவாக, பழையது என்று சொல்லி விற்றால் நாம் குறை சொல்லோம். ஏழை மாணவனுக்கு அதுவும் ஓர் அறமே. ஐ7 என்று மட்டும் எழுதி, அதன் பின்னால் வரும் 2600ஐ மறைப்பதுதான் நம் வழக்கு.

'கடைக்காரரும் பிழைக்க வேண்டாமா?' என்று ஒரு நண்பர் கேட்டார். பிழைக்கட்டும், நல்ல எஸ்எம்பிஎஸ் விற்றும் பிழைக்கலாம். 'விளையாடும் பெட்டிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?' என்று மற்றொருவர் கேட்டார். எழுபதாயிரம் ரூபாய்க்குப் புத்தகம் வாங்குவதாக இருந்தால் பதிப்பு, ஆண்டு, பக்க எண்ணிக்கை, பிழைத்திருத்தம் வரை நோக்கமாட்டாரா அவர்? கடைக்குப் போகும்போது ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு உறுப்பின் முழு மாடல் எண்ணையும், நினைவகத்தின் வகையையும், உத்தரவாத ஆண்டுகளையும் ஜிஎஸ்டி பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். 'பில் இல்லாமல் என்றால் பதினெட்டு விழுக்காடு குறையும் சார்' என்று காதோடு சொல்வார்கள். வேண்டா என்று சொல்லிவிட்டு, பில் எழுதி முடியும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருங்கள்.