பனையேறி எங்கே போனது?

பகாவ் வட்டாரத் தோட்டங்களில் தூண்டில் போடும் எங்கள் தலைமுறை ‘ஹாருவான்’, ‘புயு’, ‘தோமான்’ என்றே பேசுகிறது. தாத்தாக்களோ முதல் இரண்டையும் விரால், பனையேறி என்பார்கள்.

தோமான் தென்கிழக்காசிய மீன்; அதன் மலாய்ப் பெயரை ஏற்பது இயல்பு. ஆனால், பனையேறி நம் சொல். செவுள் மூடியின் முட்களை ஊன்றித் தரையிலும் நகரும் மீன் அது. தரங்கம்பாடியில் அது பனைமரம் ஏறியதைக் கண்டதாக டால்டோர்ஃப் என்பவரின் குறிப்பு 1797இல் வெளிவந்தது. மீனின் குணத்தைப் பெயரே சொல்லிவிடுகிறது.

மாணவர்களே, தக்கை, தூண்டில் முள் என நீளும் இச்சொற்களைத் தோட்டத்துப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். இல்லாததை இரவல் வாங்கலாம்; இருப்பதைத் தொலைக்கலாமா?