நிலாவுக்குப் போற சீரியல் எப்போ வரும்?



போன தடவை நம் சுவர் இதழில் ‘தொலைக்காட்சி நன்மையா, தீமையா?’ என்று பத்தாம் வகுப்பு அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். தீமைதான் என்று முடித்திருந்தார். நான் அந்தச் சண்டைக்கு வரவில்லை. டிவி பார்க்கக் கூடாது என்று சொன்னால் எங்கள் அம்மாயி என்னையும் சேர்த்து வெளியே தள்ளிவிடும். என்னுடைய குறை வேறு.

தீபாவளி நோம்பி வரப் போகிறது. எங்க அப்பா திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் வடநாட்டுக்குப் போர் போடப் போயிருக்கிறார். நோம்பிக்குத்தான் வருவார். அப்பா வருகிற தேதி நெருங்க நெருங்க டிவியிலும் ‘விரைவில்... புத்தம் புதிய தொடர்’ என்று விளம்பரம் போட ஆரம்பித்துவிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் நான் அந்த விளம்பரங்களை ஒன்றுவிடாமல் பார்ப்பேன். ஒரு தொடரிலாவது ராக்கெட் வருமா, ஒரு ரோபோவாவது வருமா என்றுதான். வந்ததே இல்லை. மணமேடை வரும். குங்குமத் தட்டு கீழே விழும். எல்லார் முகத்தையும் மூணு மூணு தடவை காட்டுவார்கள்.

சினிமாவில் மட்டும் நமக்கு இது புதுசு இல்லை. 1963இல் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்த ‘கலையரசி’யிலேயே வேற்றுக்கிரகத்து ஆட்கள் வந்துவிட்டார்கள். அவர்கள் கிரகத்தில் விஞ்ஞானம் இருக்கிறது, பாட்டு இல்லை. அதனால் கதாநாயகியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இங்கிலாந்தில் ‘டாக்டர் ஹூ’ என்ற விஞ்ஞானத் தொடர் டிவியில் தொடங்கியதும் அதே 1963இல்தான். அவர்கள் அதற்குப் பிறகும் புதுசு புதுசாக எடுத்தார்கள். நாம் என்ன ஆனோம்?

அதற்கும் முன்னாடி நம்ம சேலத்துக் கதை ஒன்று உண்டு. ஏற்காடு ரோட்டில் போகும்போது ‘மாடர்ன் தியேட்டர்ஸ்’ வளைவைப் பார்த்திருப்பீர்கள். டி.ஆர்.சுந்தரம் நடத்திய அந்த ஸ்டூடியோ, 1952இல் ஓர் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து ஒரு படம் எடுத்தது. ஆங்கிலத்தில் ‘தி ஜங்கிள்’, தமிழில் ‘காடு’. காட்டு யானைகள் எல்லாம் மிரண்டு ஓடி வருகின்றன. ஏன் என்று தேடிப்போனால் உள்ளே மாமத் இருக்கிறது! மாமத் என்றால் உடம்பெல்லாம் முடி வளர்ந்த, அழிந்துபோன பனிப்பிரதேசத்து யானை. அது நம்ம காட்டு வெயிலில் எப்படி உயிரோடு இருக்கும் என்று அறிவியல் டீச்சர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் ஏது? நிஜ யானைக்கு முடியைப் போர்த்தி மாமத் ஆக்கியிருக்கிறார்கள். அந்த யானை என்ன நினைத்திருக்குமோ பாவம். நான் சொல்ல வருவது, எழுபது வருஷத்துக்கு முன்னாடியே நம்ம பக்கத்து ஊர்க்காரருக்கு அந்தத் துணிச்சல் இருந்தது என்பதுதான்.

டிவியிலும் ஒரு தடவை நடந்திருக்கிறது. எழுத்தாளர் சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் ‘என் இனிய இயந்திரா’ என்று தொடர்கதை எழுதினார். அதை அப்புறம் தூர்தர்ஷனில் தொடராகவே எடுத்தார்கள். தமிழ் ஐயா பார்த்தேன் என்கிறார். அதில் வருகிற ஜீனோ என்ற ரோபோ நாய்க்குட்டியைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் ஐயாவுக்குப் பாடமே மறந்துவிடும். கதையில் ஜீவா என்பவர் நாட்டை ஆளுகிறார். எல்லார் பெயரும் இரண்டே எழுத்துதான் இருக்க வேண்டும், அது சட்டம். குழந்தை பெறுவதற்குக்கூட அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அந்தக் கதை நடக்கும் வருஷம் என்ன தெரியுமா? 2021–22! அதாவது நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம். அப்போ எங்கள் வீட்டில் ரோபோ நாய் இல்லை. கொரோனாவால் பள்ளிக்கூடம் பூட்டிக் கிடந்தது, 2019இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சியில் பாடம் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஆனால் அந்தக் கதையில் எனக்குப் பிடித்தது ஜீனோ மட்டும் இல்லை, நிலாவும்தான். ‘கலையரசி’ கதாநாயகியைப் போல யாரோ தூக்கிக்கொண்டு போகிற பெண் இல்லை அவள். வீட்டில் சாதாரணமாக இருந்தவள், புருஷனைக் காணவில்லை என்று தேடிக் கிளம்புகிறாள். பயப்படுகிறாள். பயந்துகொண்டே போகிறாள்.

அதற்குப் பிறகு டிவியில் பூதம் வந்தது, பேய் வந்தது. 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய ‘சக்திமான்’ தமிழிலும் பேசினார், அம்மா சின்ன வயசில் பார்த்தது. அவர் சுற்றிச் சுற்றிப் பறப்பாராம். அதை விஞ்ஞானம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இதைச் சொன்னால் மூன்று பதில் வருகிறது. முதல் பதில், செலவு அதிகம். பெண்ணாக மாறுகிற பாம்புக்கு கிராபிக்ஸ் பண்ணக் காசு இருக்கிறது. அதே காசில் ஒரு விண்கலம் பண்ணக் கூடாதா? பாம்பு வளைந்து நெளிய வேண்டும், விண்கலம் நேராகத்தான் போகும். செலவு குறைவாகத்தான் ஆகும் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது பதில் எங்க வகுப்புப் பையன்கள் சொல்வது. ‘பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு ராக்கெட்டு கதை?’ இவர்களுக்கு நான் பெயர்களைத்தான் சொல்வேன். சந்திரயான் 2இன் திட்ட இயக்குநர் வனிதா. 2023 செப்டம்பர் 2இல் சூரியனை ஆராயக் கிளம்பிய ஆதித்யா எல்1இன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, நம்ம தமிழ்நாட்டுச் செங்கோட்டைக்காரர். இன்னொன்று அறிவியல் டீச்சர் சொன்னது. அமெரிக்காவில் 1966இல் ‘ஸ்டார் ட்ரெக்’ என்று டிவி தொடர் வந்தது. அதில் விண்கலத்தில் வேலை பார்க்கிற ஊரா என்ற அதிகாரியாக ஒரு கறுப்பினப் பெண் நடித்தார். அதைச் சின்ன வயசில் பார்த்த மே ஜெமிசன் என்ற பெண் டாக்டருக்குப் படித்து, 1992இல் நிஜமாகவே விண்வெளிக்குப் போனார். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களில் முதலாவது ஆள் அவர்தான். அடுத்த வருஷமே ஸ்டார் ட்ரெக் தொடரில் போய் ஒரு சின்ன வேஷமும் நடித்துவிட்டு வந்தார். டிவி பார்த்தால் கெட்டுப் போவார்கள் என்று எழுதிய அண்ணன் இதைப் படிக்கவும்.

மூன்றாவது பதில்தான் பெருசு. ‘யாரு பார்ப்பாங்க?’ இதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருக்கிறது. எங்க அம்மாயி.

2023 ஆகஸ்ட் 23, புதன்கிழமை. நான் ஏழாம் வகுப்பு. பொழுது சாயும் நேரம், டிவியில் சந்திரயான் 3 இறங்குவதை நேரடியாகக் காட்டினார்கள். அம்மாயி காலை நீட்டி உட்கார்ந்து ‘இது எப்ப முடியும், என்ற நாடகம் போடுவாங்களா மாட்டாங்களா’ என்று கேட்டுக்கொண்டே இருந்தது. டிவியில் நடிகர் இல்லை, பாட்டு இல்லை. கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்த ஆட்களும் ஒரு கோடும்தான். கோடு கீழே இறங்க இறங்க அம்மாயி வெத்தலையை மெல்லுவதை நிறுத்திவிட்டது. தறிக்குடோனில் இருந்து வந்த அம்மா நிலைப்படியிலேயே நின்றது. 6.04க்கு இறங்கிவிட்டது. எல்லாரும் கைதட்டினார்கள், நாங்களும் கைதட்டினோம்.

அப்புறம் நான் சித்தம்பூண்டி விஷயத்தைச் சொன்னேன். நமக்குத் தெரிந்த ஊர்தான், பரமத்தி வேலூர் பக்கம். அங்கேயும் குன்னமலையிலும் அனார்த்தோசைட் என்று ஒரு வகைப் பாறை இருக்கிறது. நிலாவின் மேட்டு நிலத்தில் இருப்பதும் பெரும்பாலும் அந்த வகைதான். நிலாவில் ஓடப் போகிற வண்டியை இங்கேயே ஓட்டிப் பார்க்க நிலா மண் போல ஒன்று வேண்டும். அமெரிக்காவில் வாங்கினால் விலை அதிகம். அதனால் சேலம் பெரியார் பல்கலைக்கழகத்து நிலவியல்காரர்கள் உதவியோடு இங்கிருந்து ஏறக்குறைய 50 டன் பெங்களூருக்குப் போனது. உடைத்து, பொடியாக்கி, அதைப் பரப்பி சந்திரயான் 2இன் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள். அந்த மண்ணைத் தயாரிக்கும் முறைக்கு 2020இல் இஸ்ரோ காப்புரிமையும் வாங்கிவிட்டது.

அம்மாயி முதலில் நம்பவில்லை. ‘நம்ம சித்தம்பூண்டிக் கல்லா?’ என்று இரண்டு தடவை கேட்டது. எங்கள் அம்மாயிக்கு சீரியலில் கல்யாணம் வந்தால் போதும், எனக்கு எத்தனை பவுன் போட வேண்டும் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடும். இப்போதும் அப்படித்தான், நான் பத்தாவது முடிக்கட்டும் என்று காத்திருக்கிறது. ஆனால் அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது அதுவாகவே கேட்டது. ‘ஏன் கண்ணு, அந்த வேலைக்கெல்லாம் எத்தனாவது வரைக்கும் படிக்கோணும்?’ இத்தனை வருஷத்தில் அம்மாயி என்னைக் கேட்ட படிப்புக் கேள்வி அது ஒன்றுதான். அடுத்த நாள் நாடகம் வழக்கம்போல ஓடியது. கணக்கு மறுபடியும் பவுனுக்கே போய்விட்டது.

தினமும் ஏழு மணிக்கு அப்படி ஒரு கதை ஓடினால் அந்தக் கேள்வி மறுநாளும் வந்திருக்குமா, இல்லையா? அதற்காகத்தான் நான் நோம்பிக்கு நோம்பி அந்த விளம்பரங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன்.

யாரும் எடுக்காவிட்டால் கதையை நானே எழுதலாம் என்று இருக்கிறேன். கல் உடைக்கிற வீட்டுப் பெண் ஒருத்தி. நிலாவில் ஒரு பகல் என்பது நமக்குப் பதினாலு நாள், ராத்திரியும் பதினாலு நாள். அந்தப் பகல் முடிவதற்குள் அவள் வேலையை முடித்துத் திரும்ப வேண்டும். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதான் காட்டும், அதனால் 36 கிலோ இருக்கிற என்னை மாதிரி ஆள் அங்கே 6 கிலோதான். அவள் பெரிய பாறையைத் தூக்குகிற காட்சிக்கு கிராபிக்ஸ் தேவையே இல்லை, தெர்மாகோல் போதும். மாமியார் கட்டாயம் வேண்டும் என்று அம்மாயி சொல்கிறது. சரி, மாமியாரைக் கட்டுப்பாட்டு அறையில் உட்கார வைத்துவிடலாம்.

ஒரு வேண்டுகோள். நான் படித்த ‘என் இனிய இயந்திரா’ பழைய புத்தகம், கடைசிப் பக்கங்கள் கிழிந்து போயிருந்தன. ஜீனோவுக்கு என்ன ஆச்சு என்று தெரியவில்லை. தமிழ் ஐயாவைக் கேட்டால் ‘படிச்சுத் தெரிஞ்சுக்கோ’ என்கிறார். யார் வீட்டிலாவது முழுப் புத்தகம் இருந்தால் 9 ‘அ’ பிரிவு, ஜன்னல் ஓரம் இரண்டாவது பெஞ்சில் கொடுக்கவும். ஒரே வாரத்தில் அட்டை போட்டுத் திருப்பித் தந்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி