கண்ணுக்குத் தெரியாத எலும்புகள்

பாவைக் கலை தமிழர்க்குப் புதிதன்று. நாணால் இயங்கும் மரப்பாவையை வள்ளுவர் நாணுடைமை அதிகாரத்திலேயே உவமையாக்கினார். பொம்மலாட்டக் கலைஞர் தலையில் இரும்பு வளையம் அணிந்து, அதில் கட்டிய கயிறுகளாலும் கைக்கம்பிகளாலும் பாவையை ஆட்டுவார். ‘ஸ்டாப் மோஷன்’ என்னும் திரைக்கலையை இதன் இளைய உறவு எனலாம். பாவையைச் சிறிது அசைத்து ஒரு படம், மீண்டும் அசைத்து ஒரு படம் எனப் பிடித்து, நொடிக்கு 24 படங்களாக ஓட்டினால் பாவை நடக்கும்.

இங்கே கயிறில்லை. பாவையைத் தாங்கி நிற்பது அதனுள் மறைந்துள்ள உலோகச் சட்டகமே. 1933இல் வெளிவந்த ‘கிங் காங்’ படத்தின் குரங்குப் பாவையில், முயல்தோலுக்கு உள்ளே உலோக மூட்டுகள் இருந்தன. தோளுக்கும் இடுப்புக்கும் பந்துக்கிண்ண மூட்டு. முழங்காலுக்குக் கீல் மூட்டு. திருகாணியை மிக முடுக்கினால் பாவை கைக்கு இசையாது. தளர்த்தினால் வைத்த நிலையில் நில்லாது. பாரம் தாங்கும் கணுக்கால் இறுக்கமாகவும், மணிக்கட்டு சற்று இளக்கமாகவும் அமைதல் வேண்டும். இவ்வளவை நூல் சொல்லித் தாராது, விரலே அறியும்.

இவ்வறிவு வேலூருக்கு அயலன்று. 1946இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண்களை மாற்றி இணைத்து அசைவு தந்தார். அங்கும் இழுவிசையின் அளவே உயிர்நாடி. மருத்துவம் பயிலுமுன் அவர் தச்சும் கட்டட வேலையும் கற்றவர் என்பது கருதத்தக்கது.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் தோலின் பதத்தைத் தொட்டே அறிவோர் பலர். அவர்களின் பிள்ளைகள் பட்டம் பெற்றதும் பெற்றோரின் தொழிலைச் சொல்லக் கூசுவதைக் காண்கிறோம். கைத்திறனை இழிவென எண்ணச் செய்யும் கல்வி, கல்வியாகாது என்பதே நம் துணிபு.

ஆதலின் நம் கல்லூரியில் பாவைப்பட்டறை ஒன்று அமைய வேண்டுகிறோம். தொடக்கத்திற்கு ஒரு மேசை, அரம், குறடு, முறுக்கிய அலுமினியக் கம்பி போதும். கம்பி பலமுறை மடங்கினால் முறியும். முறிந்ததை மாற்றப் பழகுவதே முதற்பாடம். எஃகு மூட்டுகள் பின்னர் வரட்டும். தமிழ்த்துறை கதை தரட்டும். இயற்பியல் துறை மூட்டமைக்கத் துணைநிற்கட்டும். பாவைக்குத் தோலாடையும் காலணியும் தைக்க ஊர்த் தொழிலாளர் வந்து கற்பிக்கட்டும். தன் தந்தை ஆசிரியராக வகுப்பறையில் நிற்பதை ஒரு மாணவன் காணட்டும். அவன் கூச்சம் அன்றே அகலும்.