தென்காசியிலிருந்தே தரவு அறிவியல்

தரவு அறிவியல் என்பது குவிந்து கிடக்கும் பதிவுகளைச் சலித்து, முடிவெடுக்க உதவும் விடையைக் கண்டறியும் தொழில். புள்ளியியல், நிரலாக்கம், துறை அறிவு ஆகிய மூன்றும் இதற்கு வேண்டும். தென்காசியை அடுத்த குற்றாலத்தின் ஐந்தருவிப் பழக்கடையில் ஒருவர் கியூஆர் அட்டையை ஸ்கேன் செய்து பணம் செலுத்தினாலும் ஒரு பதிவு உருவாகிறது. 2016இல் அறிமுகமான யுபிஐ பணப்பரிமாற்ற முறை, 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. அவற்றுள் மோசடி எது என்று கண்டுபிடிக்க வங்கிக்கு ஆள் தேவை. காப்பீடு, மருத்துவமனை, இணைய வணிகம், அரசுத் துறைகள் என எங்கும் இதே தேவைதான். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அலுவலகம், 2023 முதல் 2033 வரை அந்நாட்டில் தரவு அறிவியலாளர் பணியிடங்கள் 36 சதவீதம் பெருகும் எனக் கணித்தது.

இந்த வேலைக்குப் பெருநகரம் போயே ஆகவேண்டும் என்பதும் மாறிவருகிறது. குற்றாலத்துக்கு அருகே மத்தளம்பாறையில் ஸோஹோ நிறுவனம் மென்பொருள் உருவாக்குகிறது. பிளஸ் 2, டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகை கொடுத்துப் பயிற்சி தரும் அதன் பள்ளி தென்காசியிலும் நடக்கிறது. ‘ஸியா’ என்ற தனது செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரியை அந்நிறுவனம் 2025 ஜூலையில் அறிவித்தது. இத்தகைய மாதிரிகளுக்கு அடிப்படையே தரவுதான்.

வேலை எப்படி இருக்கும் என்பதற்கு ஐந்தருவியையே எடுத்துக்கொள்ளலாம். மலைமேல் மழை கொட்டினால் அருவியில் திடீரென வெள்ளம் பாயும். குளிக்கத் தடை விதிப்பார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் அப்படி வந்த வெள்ளம் 17 வயது மாணவர் ஒருவரின் உயிரைக் கொண்டுபோனது. வெள்ளத்தை முன்கூட்டியே சொல்ல முனையும் தரவு அறிவியலாளர் முதலில் பழைய பதிவேடுகளைக் கேட்பார். ஒன்றில் மழை மில்லிமீட்டரிலும் இன்னொன்றில் சென்டிமீட்டரிலும் இருக்கலாம். ஒரு நாளுக்கான கட்டம் காலியாக இருந்தால், அன்று மழை இல்லையா, அளப்பவர் வரவில்லையா என்று விசாரிக்க வேண்டும். நேரத்தில் பெரும்பகுதி இந்தச் சுத்திகரிப்பிலேயே போய்விடும். அதன்பிறகுதான், மலையில் மழை வலுத்து எவ்வளவு நேரத்தில் அருவியில் தண்ணீர் ஏறுகிறது என்ற கணக்கு.

கணிப்பு எதுவும் பிழையின்றி அமையாது. வெள்ளம் வராத நாளில் எச்சரித்தால் கடைக்காரர்களுக்கு ஒருநாள் வியாபாரம் கெடும். வெள்ளம் வரும் நாளில் எச்சரிக்கத் தவறினால் உயிர் போகும். எந்தப் பிழையை எவ்வளவு பொறுக்கலாம் என்பதை மென்பொருள் தானாகத் தீர்மானிக்காது. சாரல் எது, வெள்ளம் தரும் மழை எது என்று அறிந்த உள்ளூர் ஆளின் அறிவு அங்கே கணக்கோடு சேர வேண்டும்.

இத்துறையில் பணிகள் பலவகை. தரவைச் சேகரித்து ஒழுங்காகக் கொண்டுசேர்ப்பவர் தரவுப் பொறியாளர். நடந்ததை அறிக்கையாகவும் வரைபடமாகவும் விளக்குபவர் பகுப்பாய்வாளர். நடக்கப்போவதைக் கணிக்கும் மாதிரியை உருவாக்குபவர் தரவு அறிவியலாளர். அம்மாதிரியை அன்றாடப் பயன்பாட்டில் ஓடவைப்பவர் இயந்திரக் கற்றல் பொறியாளர். புதிதாக வருபவர்களில் பலர் பகுப்பாய்வாளராகத் தொடங்கிப் படிப்படியாக மேலேறுகிறார்கள்.

படிக்கும் வழியும் எளிதாகியிருக்கிறது. சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழித் தரவு அறிவியல் பட்டப்படிப்புக்கு ஜேஇஇ தேர்வு கட்டாயமில்லை. பத்தாம் வகுப்பில் கணிதமும் ஆங்கிலமும் படித்து, பிளஸ் 2 எந்தப் பிரிவில் தேறியிருந்தாலும், ஐஐடியே நடத்தும் தகுதிச் சுற்றில் வென்று சேரலாம். பாடம் வீட்டிலிருந்தே, தேர்வு நேரில். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகையும் உண்டு. 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தருகிறது.

இன்று செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருவதால், பைத்தான் நிரல்மொழிக் கட்டளைகளை மனப்பாடம் செய்து பெறும் சான்றிதழுக்கு மதிப்பு குறைகிறது. நிகழ்தகவும் புள்ளியியலும் ஊன்றிப் படித்து, வேளாண்மையோ மருத்துவமோ வணிகமோ ஒரு துறையை ஆழமாக அறிந்தவருக்கு மதிப்பு கூடுகிறது. குறுகிய காலப் பயிற்சிக்குப் பெரும்பணம் கட்டும் முன், தென்காசிப் பெற்றோர் பிள்ளையின் கணித அடித்தளத்தைப் பலப்படுத்தட்டும். மாணவர்கள் தங்கள் ஊரின் மழை, விளைச்சல், சந்தை விலைக் கணக்குகளிலேயே முதல் பயிற்சியைத் தொடங்கட்டும்.