சொல்லின் பொருள் அறிவோம்

இணையம், வலைத்தளம், குக்கி என்னும் சொற்கள் இன்று நம் நாவில் நாள்தோறும் வழங்குகின்றன. அவற்றின் பொருளை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இணையமும் வலையும் ஒன்றே எனப் பலர் எண்ணுகின்றனர். அது தவறு. உலகக் கணினிகளைப் பிணைக்கும் பாதையே இணையம். அப்பாதையில் ஓடும் வண்டிகளுள் ஒன்று வலை, மின்னஞ்சல் மற்றொன்று. 1989ஆம் ஆண்டில், ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் வலையைத் திட்டமிட்டவர் டிம் பெர்னர்ஸ்-லீ.

குக்கி என்பது இங்கே தின்பண்டம் அன்று. நாம் வந்து சென்றதை நினைவிற்கொள்ள, ஒரு தளம் நம் கருவியிலேயே இட்டு வைக்கும் சிறு குறிப்பு அது. "ஏற்கிறேன்" என்று அழுத்துமுன் இதனை எண்ணிப் பார்க்கிறோமா?

முகவரியின் முன் நிற்கும் எச்டிடிபிஎஸ் என்ற எழுத்துகளையும், பூட்டுக் குறியையும் கண்டதும் அத்தளம் நம்பத்தக்கது என்று முடிவு செய்கிறோம். நாம் அனுப்பும் செய்தியை இடையில் எவரும் படிக்க இயலாது என்பதே அதன் பொருள். உறையை நன்றாக ஒட்டினாலும், கடிதம் ஏமாற்றுக்காரனிடம் சேர்ந்தால் பயன் என்ன? தளத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறினும் அது வேறு தளமே. எனவே பூட்டை மட்டும் நம்பி, தந்தையின் வங்கிக் கடவுச்சொல்லைக் கொடுத்துவிடலாகாது.

அன்புத் தோழியரே, இச்சொற்களை மதிப்பெண்ணுக்காக மட்டும் மனப்பாடம் செய்தல் போதாது என்பதே நம் கருத்து. இன்று மாலையே வீட்டில் அம்மாவுக்கும் பாட்டிக்கும் அவற்றை விளக்குவோம். கற்ற கல்வி பிறரைக் காக்கும்போதுதான் நிறைவு பெறுகிறது.