அடிக்குறிப்பைப் படிக்கும் உத்தியோகம்

"பிள்ளை என்ன வேலை பார்க்கிறார்?" என்ற வினாவுக்கு வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நீண்ட காலமாக நாலைந்து விடைகளே வழங்கி வந்தன. டாக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன், வங்கி, கச்சேரி. இவற்றுள் ஒன்றைச் சொன்னால் போதும். கேட்டவர் திருப்தியுடன் தலையசைத்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விடுவார். இப்பொழுது புதிதாக ஒரு விடை வந்து சேர்ந்திருக்கிறது. "ரிசேர்ச் அனலிஸ்ட்" என்கிறார்கள். கேட்டவர் விழிக்கிறார். பெற்ற தாயாரும் சேர்ந்து விழிக்கிறார். தமிழிலே 'ஆராய்ச்சிப் பகுப்பாய்வாளர்' என்று சொல்லிப் பார்த்தாலும் தெளிவு பிறப்பதாக இல்லை. ஆராய்ச்சி என்றும் ஆய்வு என்றும் ஒன்றையே இரண்டு தரம் சொல்லும் அந்தப் பெயரை விடுத்து, 'ஆய்வாளர்' என்றே நாம் வைத்துக்கொள்வோம்.

இவர்கள் எங்கே இருக்கிறார்கள்? கோட்டையிலே எசலன் சதுக்கத்தில் நிற்கும் உலக வர்த்தக மையத்தின் மேற்குக் கோபுரத்திலே கொழும்புப் பங்குச் சந்தை இருக்கிறது. அதனைச் சுற்றியுள்ள பங்குத் தரகு நிறுவனங்களிலும், வங்கிகளிலும், மத்திய வங்கியின் பொருளாதார ஆராய்ச்சித் திணைக்களத்திலும், கொள்கை ஆய்வு நிலையங்களிலும் இவர்களைக் காணலாம். சந்தை காலை 9.30 மணிக்குத் திறக்கும். அதற்கு முன்பே தரகு நிறுவனத்து ஆய்வாளர் அன்றைய குறிப்பை எழுதி முடித்திருத்தல் வேண்டும். எனவே வெள்ளவத்தையிலிருந்து கடலோரப் புகையிரதத்திலே செல்லும் இளைஞர், அலைகளைப் பார்க்காமல் கைத்தொலைபேசியிலே நேற்றிரவு வெளியான காலாண்டுக் கணக்கைப் பார்த்துக்கொண்டு போவாராயின், அவரைக் கர்வி என்று எண்ணிவிடாதீர்கள்.

வேலையின் பெரும் பகுதி வாசிப்பே. பங்குச் சந்தையில் இடம்பெற்ற கம்பெனிகள் முந்நூறுக்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொன்றும் ஆண்டறிக்கை வெளியிடுகிறது. அதன் முன்பக்கங்களிலே வழவழப்பான தாள், புன்னகை பூத்த இயக்குநர்கள், தலைவரின் நற்செய்தி எல்லாம் உண்டு. ஆய்வாளர் அவற்றை விரைவாகப் புரட்டிவிட்டுப் பின்பக்கத்துக்குப் போகிறார். அங்கேதான் சிறிய எழுத்திலே கணக்குகளுக்கான குறிப்புகள் இருக்கின்றன. இலாபம் கூடியது என்று முன்பக்கம் கூறும். அந்த இலாபம் சாமான் விற்று வந்ததா, அல்லது கம்பெனிக்குச் சொந்தமான முதலீட்டுக் காணியின் மதிப்பை ஏற்றி எழுதியதால் வந்ததா என்பதைக் குறிப்புத்தான் கூறும்.

இதனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியிலே ஒருவர் பலசரக்குக் கடை வைத்திருக்கிறார் என்று கொள்வோம். மாதம் ஐந்து இலட்சம் ரூபாவுக்கு விற்கிறார். கொள்விலை நாலு இலட்சம். கொப்பியிலே இலாபம் ஒரு இலட்சம். ஆனால் விற்றதிலே இரண்டு இலட்சம் கடனுக்குப் போயிருந்தால் இலாச்சியிலே இருப்பது மூன்று இலட்சம். மொத்த வியாபாரிக்குக் கொடுக்க வேண்டியதோ நாலு. இலாபம் உண்டு, காசு இல்லை! இந்த நிலைமை நாலு மாதம் நீடித்தால் கடை மூடப்படும். அன்றைக்கும் கொப்பி இலாபத்தையே காட்டிக்கொண்டிருக்கும். பெரிய கம்பெனிகளின் கணக்கிலே இலாப நட்டக் கணக்குக்கும் காசுப்பாய்ச்சல் கூற்றுக்கும் இடையே ஆய்வாளர் தேடுவது இந்த வித்தியாசத்தையே. கடன்பட்டோர் தொகை விற்பனையைவிட வேகமாக வளர்கிறதா? இருப்பு தேங்குகிறதா? குறுங்காலக் கடனை எடுத்து நெடுங்காலக் கட்டடம் எழுப்புகிறார்களா? வினாக்கள் பழையவை. வீட்டுச் செலவுக் கொப்பி எழுதிய எந்தத் தாயாரும் இவற்றைக் கேட்டிருப்பார்.

கம்பெனிக்கு மட்டுமல்ல, நாட்டுக்கும் அடிக்குறிப்பு உண்டு. 2019ஆம் ஆண்டின் முடிவிலே இலங்கையின் வெளிநாட்டு ஒதுக்கு ஏறக்குறைய 760 கோடி டொலர். 2021இன் முடிவிலே அது ஏறக்குறைய 310 கோடி. அந்த 310 கோடியிலும் சரிபாதி அளவு, சீன மத்திய வங்கியுடன் செய்துகொண்ட நாணயப் பரிமாற்றல் ஒழுங்கினால் வந்த யுவான். அதனைப் பாவிப்பதற்கு நிபந்தனைகள் இருந்தன. தலைப்புச் செய்தியிலே 310 கோடி, அடிக்குறிப்பிலே நிபந்தனை. 2022 ஜனவரி 18ஆம் திகதி 50 கோடி டொலர் பன்னாட்டு முறி செலுத்தித் தீர்க்கப்பட்டது. ஜூலையிலே மேலும் 100 கோடி செலுத்த வேண்டியிருந்தது. எரிபொருளும் மருந்தும் பால்மாவும் இதே பையிலிருந்துதான் வரவேண்டும். இதனைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பதற்கு உயர் கணிதம் எதுவும் தேவையில்லை. தரமிடும் நிறுவனமாகிய பிட்ச் 2020 நவம்பரிலேயே நாட்டின் தரத்தை சி.சி.சி. நிலைக்கும், 2021 டிசம்பரிலே சி.சி. நிலைக்கும் இறக்கியது. அரசாங்கத் தரப்பு இத்தகைய தரமிறக்கங்களை ஏற்கவில்லை.

அதே வேளை பங்குச் சந்தையிலே நடந்தது என்ன? 2022 ஜனவரியில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 13,000 புள்ளிகளைக் கடந்து உச்சியிலே நின்றது! வீடுதோறும் பங்குப் பேச்சு. வங்கி வட்டியினால் பயனில்லை என்று ஓய்வூதியக்காரர்களும் சேமிப்பை எடுத்துச் சந்தைக்கு வந்த காலம் அது. "தம்பி, எந்தப் பங்கை வாங்கலாம்?" என்று கலியாண வீட்டுப் பந்தியிலே கேட்பவருக்கு, "மாமா, இப்பொழுது வாங்காமல் இருப்பதே நல்லது" என்று சொல்லக்கூடிய ஆய்வாளர் அன்றைக்கு யாருக்கும் வேண்டாதவராயிருந்தார். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் செலுத்துதலை நிறுத்திவைப்பதாக அரசாங்கம் அறிவித்தது. ஏப்ரல் 18 முதல் ஐந்து வர்த்தக நாட்களுக்குச் சந்தை மூடப்பட்டது. மே மாதத் தொடக்கத்திலே அப்போதைய நிதி அமைச்சர் அலி சப்ரி, பாவிக்கக்கூடிய ஒதுக்கு 5 கோடி டொலரும் இல்லை என்று பாராளுமன்றத்திலேயே கூறினார். அடிக்குறிப்பு தலைப்புச் செய்தியாகிவிட்டது.

இவ்வுத்தியோகத்தின் உண்மையான கஷ்டம் இதிலேதான் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். கணக்குப் போடுவது கஷ்டமன்று. போட்ட கணக்கை எழுதுவதுதான் கஷ்டம். தரகு நிறுவனத்துக்கு வருமானம், வாடிக்கையாளர் பங்கு வாங்கும்போதும் விற்கும்போதும் கிடைக்கும் தரகிலிருந்து வருகிறது. கம்பெனிக்காரர் ஆய்வாளரைக் கூட்டத்துக்கு அழைத்து விபரம் சொல்பவர். அவருடைய பங்கை 'விற்க' என்று எழுதினால் அடுத்த கூட்டத்தில் முகம் கொடுத்துப் பேசுவாரோ என்னவோ. இதனால் உலகெங்குமே 'வாங்குக' என்ற ஆலோசனை மலிந்தும் 'விற்க' என்ற ஆலோசனை அருகியும் காணப்படுகிறது. 'வைத்திருக்க' என்று எழுதியிருந்தால், பல சமயங்களில் அது நாகரிகமாகச் சொல்லப்பட்ட 'விற்க' என்று அனுபவசாலிகள் வாசித்துக்கொள்வார்கள். நமது மாமிமார் பெண் பார்த்துவிட்டு, "பிள்ளை நல்ல அமைதியான பிள்ளை" என்று மட்டும் சொல்லி நிறுத்துவது போல.

ஆய்வாளர் கையாளும் எண்கள் ஆகாயத்திலிருந்து விழுவனவல்ல. அவற்றைத் தெருவிலே நடந்து திரட்டுபவர் ஒருவர் உண்டு. அவரை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் வெளியிடும் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணுக்காக விலை திரட்டப்படும் இடங்களிலே புறக்கோட்டை, மருதானை, பொரளை ஆகியவற்றுடன் வெள்ளவத்தையும் ஒன்று. (கொட்டாஞ்சேனை நேயர்கள் கோபிக்க வேண்டாம், அயலிலுள்ள கிராண்ட்பாஸ் பட்டியலில் இருக்கிறது.) நீங்கள் சந்தையிலே சின்ன வெங்காயத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருக்கும்போது, பக்கத்திலே கொப்பியுடன் நின்று விலை கேட்டு எழுதுபவர் நாட்டின் பணவீக்கத்தை எழுதிக்கொண்டிருக்கக்கூடும்.

இச்சுட்டெண்ணின் வரலாறு தனிச் சுவையுடையது. 1949-50இல் கொழும்பிலே 455 தொழிலாளர் குடும்பங்களின் செலவை விசாரித்து ஒரு கூடை அமைத்தார்கள். அதிலே உணவுக்கு 61.9 வீதம், உடைக்கு 9.4 வீதம், வாடகைக்கு 5.7 வீதம். 1952ஆம் ஆண்டு விலையை 100 என்று கொண்டு சுட்டெண் தொடங்கியது. பின்பு தொலைக்காட்சி வந்தது, எரிவாயு அடுப்பு வந்தது, தனியார் டியூஷன் வந்தது, தொலைபேசி கைக்கு வந்தது. கூடையோ அதே கூடை! 2005இல் சுட்டெண் 4,000 புள்ளிகளைத் தாண்டியது. 2007வரை அந்த 455 குடும்பங்களின் சாப்பாட்டு மேசையே நாட்டின் அதிகாரபூர்வ அளவுகோலாக இருந்தது.

இதனால் யாருக்கு என்ன நட்டம் என்று கேட்கலாம். பல தொழில்களிலே வாழ்க்கைச் செலவுப் படி இச்சுட்டெண்ணை ஒட்டியே கணிக்கப்பட்டது. 1970களிலே சாமான்கள் கட்டுப்பாட்டு விலையில் எழுதப்பட்டிருக்க, அந்த விலையிலே அவை கடையிலே கிடைக்காமல் இருந்தன. கிடைக்காத சாமானின் மலிவான விலை சுட்டெண்ணைத் தாழ்த்தியது. தாழ்ந்த சுட்டெண் தொழிலாளியின் படியைத் தாழ்த்தியது. கறுப்புச் சந்தையிலே கொடுத்த பணமோ எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. ஓர் அட்டவணையின் பழமை ஓர் ஏழை வீட்டு அடுப்பை எட்டித் தொடும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அண்மைக் காலக் குழப்பம் ஒன்றையும் இங்கே தெளிவாக்குவோம். 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 வீதம், உணவு மட்டும் 94.9 வீதம். மறு ஆண்டு செப்டெம்பரில் 1.3 வீதம் என்றார்கள். "எங்கே ஐயா குறைந்தது? தேங்காய் குறைந்ததா, மா குறைந்ததா?" என்று இல்லத்தரசிகள் கேட்டதில் நியாயம் உண்டு. பொதுவான விலைமட்டம் குறையவில்லை, அது ஏறும் வேகமே குறைந்தது. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவாயிருந்தது 2022இல் 169 ரூபா 80 சதம், அதன்மேல் 1.3 வீதம் ஏறி 2023இல் ஏறக்குறைய 172 ரூபா. 100 ரூபாவுக்கு அது திரும்பவில்லை. இதனை ஒரு பாமரருக்கு இரண்டு வாக்கியத்திலே விளக்கத் தெரியாத ஆய்வாளர், எத்தனை வரைபடம் கீறினாலும் பாதி ஆய்வாளரே.

இத்துறையிலே பிரவேசிக்க விரும்பும் மாணவர்களுக்குச் சில வார்த்தைகள். பொருளியல், புள்ளிவிபரவியல், கணக்கியல் ஆகிய மூன்றில் ஒன்றிலே ஆழமும் மற்ற இரண்டிலே பரிச்சயமும் வேண்டும். அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலே எழுதப்படுவதால் அம்மொழியிலே தெளிவாக எழுதப் பழகுதல் அவசியம், அலங்காரம் அவசியமன்று. சீ.எப்.ஏ. என்னும் மூன்று படிப் பரீட்சையைப் பலர் வேலை பார்த்துக்கொண்டே எழுதுகிறார்கள். ஆராய்ச்சி மேசையிலிருந்து எவ்வளவு தூரம் போகலாம் என்றால், கலாநிதி இந்திரஜித் குமாரசுவாமியைச் சொல்லலாம். 1974இல் மத்திய வங்கியில் உத்தியோகத்தராகச் சேர்ந்து, பொருளாதார ஆராய்ச்சி, புள்ளிவிபரம், வங்கி மேற்பார்வை ஆகிய பிரிவுகளிலே கடமை பார்த்தார். 2016 முதல் 2019வரை அதே வங்கியின் ஆளுநராக இருந்தார்.

தொடங்குவதற்குப் பணச் செலவு இல்லை. மத்திய வங்கியின் ஆண்டு வெளியீடுகள் தமிழிலும் இலவசமாகக் கிடைக்கின்றன. உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் இந்த விடுமுறையிலே அவற்றுள் ஒன்றை எடுத்து, அட்டவணைகளின் கீழுள்ள சிறிய எழுத்துக் குறிப்புகளை மட்டும் முதலில் வாசித்துப் பார்க்கட்டும். இரண்டு மணி நேரத்துக்குப் பிறகும் உறக்கம் வராவிட்டால், வீட்டாரிடம் இவ்வுத்தியோகத்தைப் பற்றிப் பேச்செடுக்கலாம்.